குட்டி யானை: பழுதுபார்ப்பின் வரலாறு

குட்டி யானை என்பது டாடா ஏஸ் எனும் சிறு சரக்கு வண்டிக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர். டாடா மோட்டார்ஸ் நிறுவனம் இதனை 2005 மே மாதம் அறிமுகப்படுத்தியது. 702 சி.சி. திறனுள்ள இரு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட இவ்வண்டி, மூன்று சக்கர ஆட்டோவுக்கும் லாரிக்கும் இடைப்பட்ட இடத்தை நிரப்பியது. கடனில் ஒரு வண்டி வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்போர் பலர்.

சென்னையின் தெற்கே பாலவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் இதற்கு முதல் பகை உப்பு. கடற்காற்றும், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் தகட்டை அரிக்கின்றன. துருவேறிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைப்பது வழக்கம்.

இரண்டாவது பகை பாரம். கூடுதல் சுமைக்காக லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை சேர்ப்பதுண்டு. ஆனால் பிரேக்கும் அச்சும் பழையவையே. பதிவுச் சான்றில் உள்ள எடை வரம்பும் உயராது. தயாரிப்பு விவரங்களுக்கு மாறான மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

பழைய உதிரிபாகங்களுக்குச் சென்னையில் பெயர்பெற்ற சந்தை புதுப்பேட்டை. கழித்த வண்டிகளின் கியர்பெட்டியும் கதவும் அங்கே மறுவாழ்வு பெறுகின்றன.

பழுதுபார்ப்பின் காலக்கெடுவை நிர்ணயிப்பது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். 2022இல் மின்சார ஏஸ் அறிமுகமான பின்னும் பழைய வண்டிகள் ஓடுகின்றன. எஞ்சின் தேய்ந்தால் சரிசெய்யலாம். சேசிஸ் அரித்துப்போனால் வண்டியின் ஆயுள் முடிந்தது. கடலோர உரிமையாளருக்கு எஞ்சின் ஆயிலைவிட, நாள் முடிவில் அடிப்பகுதியைக் கழுவும் நல்ல தண்ணீரே பெரிய சேமிப்பு.