கட்டு அவிழ்ந்த பின்

1829-இல் இங்கிலாந்தின் லிங்கன் மனநல விடுதியில் ஒரு நோயாளியைக் கை அசைக்க முடியாத சட்டையில் பூட்டி, கட்டிலோடு வாரால் இறுக்கிவிட்டுப் போனார்கள். இரவெல்லாம் பக்கத்தில் ஆளில்லை. விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான், இரவில் யாரைக் கட்டினாலும் ஓர் ஆள் உடனிருக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. பின்னர் பொறுப்பேற்ற மருத்துவர் ராபர்ட் கார்டினர் ஹில் வாரையே ஒழித்துக்கட்டினார். 1830-இல் அங்கே நோயாளிகள் கட்டுண்டு கிடந்த நேரத்தைக் கூட்டினால் 27,000 மணி நேரத்துக்கு மேல் வரும். 1837-இல் அது வெறும் 28 மணி நேரம். மறு ஆண்டு அதுவும் இல்லை. வாரை எடுத்தால் அந்த இடத்தில் தகுதியான ஆட்கள் போதிய அளவில் நிற்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

அந்த ஆட்களுக்கான கையேடு 1885-இல் வெளிவந்தது. 1891-இல் தேர்வும் வந்தது. பிரிட்டனில் மனநலச் செவிலியர் படிப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் 1980-களில் செவிலியருக்குப் பிடிமுறை கற்றுத்தரும் பாடம் சிறைத்துறையிலிருந்து வந்தது. நோயாளியைப் பிடிக்கும் பாடத்தைக் கைதியைப் பிடிப்பவர்களிடமிருந்து வாங்கியது பெரும் பிழை. அந்தப் பாடத்தில் தரையில் பாய் விரித்து, ஒருவர் நோயாளியாகப் படுக்க, மூவர் பிடித்துப் பழகுவார்கள். இருவர் ஆளுக்கொரு கையைப் பற்றுவார்கள். தலைமாட்டில் இருப்பவர்தான் தலைவர்: அவர் பேச வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், மூச்சைக் கவனிக்க வேண்டும்.

1998 அக்டோபர் 30 அன்று நாரிச் நகர மனநல மருத்துவமனை ஒன்றில் டேவிட் ‘ராக்கி’ பென்னட் என்ற 38 வயதுக் கறுப்பினத்தவரைச் செவிலியர்கள் குப்புற அழுத்திப் பிடித்திருந்தது ஏறக்குறைய 25 நிமிடம். அன்று மாலை இன்னொரு நோயாளி அவரை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தார். வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பென்னட்தான். அங்கே அவர் ஒரு செவிலியரை அடிக்க, பிடி விழுந்தது. உயிர் போனது. குப்புறப் பிடிப்பது 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று 2004-இல் விசாரணைக் குழு பரிந்துரைத்தது. அரசு அந்த வரம்பை விதியாக்கவில்லை.

2010-இல் லண்டன் மனநல மருத்துவமனை ஒன்றில் ஒலசேனி (சேனி) லூயிஸ் என்ற இளைஞரைப் போலீஸார் 11 பேர் சேர்ந்து அமுக்கினார்கள். சில நாளில் அவரும் இறந்தார். ஊழியருக்குப் பயிற்சியும், பலம் பயன்படுத்தியதற்குப் பதிவும் கட்டாயம் என்ற சட்டம் அதன் பிறகே, 2018-இல் நிறைவேறியது. அதை ‘சேனியின் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். இறந்தபோது சேனிக்கு வயது 23.