பாதியில் நின்ற பையன்

இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களுக்குச் ‘சரண்டர் மதிப்பு’ என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. முழுக் காலமும் பணம் கட்ட முடியாமல் நடுவிலே நின்றுபோனவர் கையில் கம்பெனி எண்ணி வைக்கும் தொகை அது. கட்டியதையும் கிடைத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வந்து ஆங்கிலப் பாடத்தின் மீது வைத்துப் பார்த்த ஒருவர் உண்டு. அவர் பெயர் மைக்கேல் வெஸ்ட்.

வெஸ்ட் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து இங்கே வந்த ஆங்கிலேயர். இன்று வங்காள தேசத்தின் தலைநகராக இருக்கும் டாக்காவில், பிரிவினைக்கு முந்திய நாட்களில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தார். வங்காளத்தில் இரு மொழிகளோடு மாணவன் படும் பாட்டைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1926-ல் வெளிவந்தது. சர்க்கார் அறிக்கைகளில் மனிதர்கள் தென்படுவது அபூர்வம். இதிலே ஒரு பையன் தென்படுகிறான். நான்கைந்து வருஷம் ஆங்கிலம் படித்து, பிறகு வீட்டு நிலைமையால் நின்றுவிடுகிற பையன். அவன் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார் வெஸ்ட்.

நியாயமான கேள்வி. பாடத்திட்டம் முழுவதும் கடைசிப் பரீட்சை வரை போகிறவனுக்காக வகுத்தது. ஆரம்ப வருஷங்களெல்லாம் இலக்கணம், உருப்போடுதல், மொழிபெயர்ப்பு என்று அஸ்திவாரத்திலேயே போய்விடும். வீடு எழும்பும்போது பெரும்பாலான பையன்கள் அங்கே இல்லை. அஸ்திவாரத்தில் யார் குடியிருக்க முடியும்? படிப்பைப் பாதியில் விட்டவர்களின் கட்சியைச் சேர்ந்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் வெஸ்டின் மீது ஒரு பிரியம் உண்டாகிவிட்டது.

அவர் கண்ட வழி, வாசிப்பை முதலில் வைப்பது. எப்போது நின்றாலும் வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஏதோ ஒரு பலன் உண்டு. அவன் தானாகவே மேலே படித்துக்கொண்டு போகலாம். அரைகுறைப் பேச்சு கிராமத்துக்குத் திரும்பிய ஆறு மாதத்தில் காணாமல் போய்விடும். தவிர, பேசக் கற்பிக்க நன்றாகப் பேசுகிற உபாத்தியாயர் வேண்டும். வாசிக்கக் கற்பிக்க நல்ல புத்தகம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆனால் நல்ல புத்தகம் எங்கே? இருந்த வாசகங்களில் சொற்கள் ஆடி மாத மழையாகக் கொட்டின. ஒன்றை விளங்கிக்கொள்வதற்குள் மூன்று புதியவை வந்து நிற்கும். அவற்றிலும் பாதி, லண்டன் தெருவில் யாரும் பேசாத பழைய ஏட்டுச் சொற்கள். வெஸ்ட் பாடங்களைத் திருப்பி எழுதினார். அபூர்வச் சொற்களுக்குப் பதில் வழக்குச் சொற்கள். ஒரு புதுச் சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாற்று நடுகிற மாதிரி இடைவெளி. வந்த சொல் மறுபடி மறுபடி தலைகாட்டுதல். இப்படிப் பிறந்தவைதான் லாங்மன்ஸ் வெளியிட்ட ‘நியூ மெத்தட்’ வாசகங்கள். கதை எழுதிப் பிழைப்பவனுக்கு, சொற்களைக் கணக்குப் பார்த்து எழுதுவது என்றாலே உடம்பு கூசும். ஆனாலும் ஒரு பையன் முதன்முதலாக ஓர் அந்நிய பாஷைக் கதையை யார் உதவியுமில்லாமல் கடைசிப் பக்கம் வரை படித்து மூடுகிறான் என்றால், நடையழகு கொஞ்சம் போனால் போகட்டும் என்றே சொல்வேன்.

அதே காலத்தில் டோக்கியோவில் ஹரால்டு பாமர் நேர்மாறான வழியில் போனார். 1923-ல் அங்கே ஆங்கிலப் போதனைக்கென்று தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர் அவர். முதலில் காது, பிறகு வாய், அப்புறந்தான் புத்தகம் என்பது அவர் கட்சி. குழந்தை அப்படித்தானே கற்கிறது என்பார்கள். உண்மைதான்; ஆனால் குழந்தைக்கு வீடு முழுக்க வாத்தியார்கள்! வெஸ்டின் வழியிலும் குறை இல்லாமலில்லை. தலையங்கம் முழுவதையும் படித்துவிடுகிற நம்மவர் எத்தனையோ பேர், ஓர் அதிகாரியின் எதிரே நாலு வாக்கியம் பேச நா எழாமல் நிற்கிறார்கள். அந்த அவமானம் சரண்டர் மதிப்பில் வராத செலவு.

1930-ல் ஆக்டன் என்பவர் 850 சொற்களில் ‘பேஸிக் இங்கிலீஷ்’ என்று ஒன்றை உருவாக்கினார். வினைச்சொற்கள் 18-தான்! வெஸ்டுக்கு இது பிடிக்கவில்லை. 1934-ல் வேறு சிலரோடு சேர்ந்து அதை அலசி ஒரு நூலே போட்டார். விஷயம் நமக்கு எளிதில் விளங்கும். ‘போடு’ என்பது தமிழில் ஒரே சொல். கோலம் போடு, சண்டை போடு, காபி போடு, கையெழுத்துப் போடு, பட்டினி போடு. அந்நியன் ஒருவனுக்கு இதெல்லாம் ஒரு சொல்லா, ஐந்து சொல்லா? சொல்லைக் குறைத்துப் பொருளை அடைத்துவைத்தால் சுமை குறையாது.

1953-ல் வெளியான அவருடைய சுமார் 2,000 சொற்களின் பட்டியலில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்றுகூடக் குறித்திருக்கிறார். அதற்கு முன்பே, 1935-ல், எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதியும் செய்தார். அதில் இருபத்துநாலாயிரம் பதங்களுக்கு அர்த்தம் சொல்லியிருப்பது 1,490 சொற்களைக் கொண்டுதான். அகராதியில் ஒரு சொல்லைத் தேடப்போய், அதன் அர்த்தத்தில் இருக்கும் சொல்லுக்கு இன்னொரு பக்கம் புரட்டி, அங்கிருந்து மூன்றாவதற்கு ஓடியவர்களுக்கு அந்த 1,490-ன் அருமை தெரியும். வெஸ்ட் 1973-ல் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து லாங்மன் கம்பெனியார் பெரிய அகராதி ஒன்று வெளியிட்டார்கள். அதிலும் அர்த்தங்கள் சுமார் இரண்டாயிரம் சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன.