குருசடைத் தீவில் ஒரு பாசி

பிரிஞ்சாங் மலையிலும் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கும் பெற்றோர் சிலர் உளர். அவர்களுடைய ஓயாத முறையீடு பாசி. மீனுக்கு இடும் உணவு மிகுந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெருகினால் பாசி படரும். உணவையும் விளக்கொளியையும் குறைத்து, கல்லை வெளியே எடுத்துச் சுரண்டினால் அடங்கும். தீவை வெளியே எடுக்க இயலுமா?

மண்டபம் என்றதும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரைத் தங்கவைத்த முகாமே என் நினைவுக்கு வரும். அக்கரையில்தான், பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட கப்பாஃபைக்கஸ் என்னும் பாசியை நடுவண் அரசின் உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் 1990களில் சோதனையாக வளர்த்தது. பின்னர்ப் பெப்சி நிறுவனம் அதை வணிகமாக்கியது. ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் காரகீனன் இதிலிருந்து கிடைக்கிறது. மூங்கில் மிதவைகளில் இதை வளர்த்த மீனவப் பெண்கள் வருவாய் கண்டனர். அதை மறைத்துப் பழி மட்டும் கூறுவது முறையன்று.

2008இல், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இப்பாசி பவளங்களைப் போர்வையாய் மூடியிருப்பதை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஒளி மறைந்தால் பவளம் மடியும். வனத்துறையினர் கையாலேயே பிடுங்கி அகற்றினர். விடுபட்ட துணுக்கிலிருந்தே அது மீண்டும் தழைத்தது. எனவே ஒருமுறை பிடுங்கியதோடு வேலை முடியவில்லை.