ஒரே ஒரு 'இல்'!

'வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் வேலை' - தமிழில் இரண்டுக்கும் ஒரே 'இல்' போதும். இங்கிலீஷில் ஊருக்கு 'இன்', ஆபீஸுக்கு 'அட்'! இன்டர்வியூவில் நம்ம பசங்களுக்கு நாக்கு குழறுவது இங்கேதான்.

முட்டாள்தனமா? இல்லவே இல்லை. 1838-ல் சென்னையில் வந்திறங்கித் தமிழ் கற்ற பாதிரியார் கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் சொற்களின் வேலையை, நம் மொழிகளில் பின்னால் வருபவை பார்த்துக்கொள்கின்றன!

'கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம்' என்று நினைக்கிற மனசுதான், 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்'டையும் இழுத்து வந்து உட்கார வைக்கிறது. டிஸ்கஸுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' இருக்கிறது, ஸார்!

தப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால், அதற்காகக் கூனிக்குறுகாதீர்கள். அங்கே தடுக்குவது உங்கள் அறிவு இல்லை, தாய்மொழியின் பழக்கம்!