வினாக்களை அளந்த வரலாறு

தேர்வுகளைக் கணினியில் நடத்தும் வழக்கம் உருவான விதத்தை ஆராயும்போது முதலில் கண்ணில் படுவது, விடைத்தாள் திருத்தும் உழைப்பை எந்திரம் ஏற்றுக்கொண்ட செய்தியே. அந்த உழைப்பு குறைந்த பிறகும் ஒரு கேள்வி தீராமல் நின்றது. வெவ்வேறு வினாக்களுக்கு விடையளித்த இருவரின் மதிப்பெண்களை எந்த நியாயத்தில் ஒப்பிடுவது என்ற அந்தக் கேள்விதான் இத்துறையை இன்றுவரை இழுத்துச் செல்கிறது.

எந்திரம் திருத்த வேண்டுமானால், விடை எந்திரத்துக்குப் புரியும் வடிவில் இருந்தாக வேண்டும். 1910களின் நடுவில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி வகுத்த வாசிப்புத் தேர்வு, தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் முறையைப் பரவச் செய்தது. 1920களில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி, சிறு சாளரத்தில் வினாவைக் காட்டி, நான்கு விசைகளுள் ஒன்றை மாணவர் அழுத்தியதும் சரியான விடைகளைத் தானே எண்ணிக்கொள்ளும் பெட்டி ஒன்றைச் செய்தார். வகுப்பறைகளில் அது வேரூன்றவில்லை.

வேரூன்றியது பென்சில் கோடு. மிச்சிகன் மாநிலத்துப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பித்த ரெனால்ட் ஜான்சன், பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கொண்டு, விடைத்தாளில் மாணவர் இட்ட கோடுகள் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி மதிப்பெண்ணைக் கணிக்க முயன்றார். ஒருவர் அழுத்தி எழுதுவார், இன்னொருவர் மெலிதாக இழுப்பார் என்பதால், கோட்டுக்குக் கோடு மின்தடை வேறுபட்டு அளவு பிசகியது. கோட்டின் மின்தடை ஒரு பொருட்டே ஆகாத அளவுக்கு மிகப் பெரிய மின்தடையை ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்து அவர் அந்தச் சிக்கலைத் தீர்த்தார். கோடு கருமையாக இருந்தாலும் வெளிறியிருந்தாலும் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் அவரைப் பணியில் அமர்த்தி, 1938இல் 805 என்ற எண்ணுடன் அந்த எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்னளவியின் முள் காட்டும் எண்ணைப் படித்து எழுதியபடியே, பழகிய பணியாளர் ஒருவர் மணிக்குச் சுமார் 800 தாள்களை முடிக்க முடிந்தது. கையெழுத்தின் அழுத்தம் மாணவரின் மதிப்பெண்ணைத் தொடக்கூடாது என்ற அந்தக் கவனம் பின்வந்தவர்கள் எல்லாருக்கும் பாடமாக அமையத்தக்கது. 1950களில் அயோவா பல்கலைக்கழகத்தில் லிண்ட்குவிஸ்ட், மின்னோட்டத்துக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு தாளைப் படிக்கும் எந்திரத்தை உருவாக்கியபோது வேகம் பலமடங்கு கூடியது.

இதுவரை மாறியதெல்லாம் திருத்தும் முறைதான். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பதால், மிக எளியவையும் மிகக் கடினமானவையுமான வினாக்களில் மாணவரின் நேரம் வீணானது. 1905இல் பாரிசில் ஆல்பிரெட் பினே குழந்தைகளுக்கு வகுத்த அறிவுத்திறன் தேர்வில், குழந்தையின் விடையைப் பார்த்துத் தேர்வாளர் மேலே ஏறவோ கீழே இறங்கவோ இடமிருந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு அதைச் செய்யக் கணினி தேவைப்பட்டது, கணினிக்கு ஒரு கோட்பாடும் தேவைப்பட்டது. டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960இலும், அமெரிக்காவின் இ.டி.எஸ். தேர்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிரெடரிக் லார்டு 1968இல் மெல்வின் நோவிக்குடன் எழுதிய நூலிலும் விளக்கிய வினா மறுமொழிக் கோட்பாடு, மாணவரின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைத்து, இன்ன திறனுள்ளவர் இன்ன வினாவுக்குச் சரியாக விடையளிக்கும் நிகழ்தகவைக் கணிக்கிறது. வினாவின் கடினத்தோடு, வல்லவரையும் அல்லாதவரையும் அது எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பதும், ஊகித்தே சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதும் எண்களாகக் குறிக்கப்பட்டன. அவ்வாறு எடைபோடப்பட்ட வினாக்களின் சேமிப்பே வினா வங்கி. அதிலிருந்து ஒவ்வொரு விடைக்கும் பின் திறனை மறுமதிப்பிட்டு, அடுத்த வினாவைக் கணினி எடுக்கும் முறையே தகவமைவுத் தேர்வு.

இம்முறை அமெரிக்கப் படைச் சேர்க்கைத் தேர்வில் 1990இல் சில நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் தெளிவாகத் தெரிந்த இடம் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை, இரண்டு நாள் தாளில் எழுதப்பட்டுவந்த அது 1994 ஏப்ரலில் தகவமைவு முறைக்கு மாறியபோது, பதிவுபெற்ற செவிலியருக்கான தேர்வு குறைந்தது 75 வினாக்களில் முடியலாம், 265 வரை நீளலாம் என்றானது. தேர்ச்சி எல்லைக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காட்டு உறுதியுடன் தெரிந்தவுடன் கணினி நின்றுவிடும்.

இந்தத் துல்லியத்துக்கு ஒரு விலை இருந்தது. ஒரே நாளில் ஒரே தாளை எல்லாரும் எழுதியபோது, தேர்வு முடிந்ததும் வினாக்களின் இரகசியமும் முடிந்தது. நாள்தோறும் தேர்வு நடக்கையில் அதே வினாக்கள் மீண்டும் மீண்டும் வெளிவந்தாக வேண்டும். பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கானதும் 1993இல் தகவமைவு முறைக்கு வந்ததுமான ஜி.ஆர்.இ. தேர்வை 1994இல் கப்ளன் பயிற்சி நிறுவனத்தின் ஊழியர்கள் எழுதி, வினாக்களை நினைவில் கொண்டுவந்து, பாதுகாப்பு எவ்வளவு தளர்வு என்று காட்டவே அவ்வாறு செய்ததாகக் கூறினர். தேர்வை நடத்திய இ.டி.எஸ். வழக்குத் தொடுத்தது. கூர்மையான வினாக்களையே கணினி அடிக்கடி எடுப்பதால் அவையே முதலில் அம்பலமாகும் என்பதை முன்னரே உணர்ந்த சிம்ப்சனும் ஹெட்டரும், ஒரு வினா எத்தனை பேருக்குத் தரப்படலாம் என்பதற்கு வரம்பிடும் முறையை 1985இலேயே அமெரிக்கக் கடற்படை ஆய்வு மையத்தில் வகுத்திருந்தனர். ஆயினும் 2002இல் சீனா, தைவான், தென்கொரியா ஆகிய இடங்களில் ஜி.ஆர்.இ. தாளுக்கே திரும்ப நேர்ந்தது. 2011இல் அது வினாவுக்கு வினா தகவமைவதைக் கைவிட்டு, முதல் பகுதியின் முடிவைப் பார்த்து அடுத்த பகுதி முழுவதையும் தெரிவுசெய்யும் முறைக்கு மாறியது.

இந்தியாவில் 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் வேறொரு வழியை எடுத்தது. பல நாள்களில், நாளுக்கு இரு வேளைகளில் வெவ்வேறு வினாத்தாள்கள் தரப்பட்டாலும், வினாக்களை முன்கூட்டி எடைபோடாமல், தம் வேளையில் எழுதியவர்களுள் எத்தனை விழுக்காட்டினர் ஒருவருக்குச் சமமாகவோ கீழாகவோ நிற்கின்றனர் என்ற சதமானம் ஏழு தசம இடங்கள்வரை கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு வேளையின் கூட்டமும் திறனில் ஒத்தது என்ற அனுமானத்தின் மீதே அந்த ஏழு இலக்கங்களும் நிற்கின்றன. 2021 முதல் அத்தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் தரப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஒரு வினா சற்றே கடினமானாலும் அது வேறொரு வினாவாகிவிடும் என்பது இத்துறையின் பழைய பாடம். ஆனால் ஒரே வேளையில் எல்லா மொழியினரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்று விதி சொல்கிறது. தமிழில் வினாவைப் படித்துவரும் மாணவருக்கு, ஜான்சன் தம் மின்சுற்றில் சேர்த்தது போன்ற மின்தடை இன்னும் வைக்கப்படவில்லை.