அண்ணலைத் தேடி வராத வழக்குகள்

தோழர்களே, சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அதனால் அண்ணல் அம்பேத்கர் வழக்கறிஞர் தொழில் நடத்திய கதையைப் பேச எடுத்துக்கொண்டோம்.

1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர் தொழிலைத் தொடங்கினார். சன்னது வாங்கக் கையில் பணமில்லை. நண்பர் நவல் பதேனா உதவினார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். நாணயமும் வங்கியும் அவரளவு கற்றவர்கள் அந்த வளாகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரிய வணிக வழக்குகள் அவரைத் தேடி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பம்பாய் உயர் நீதிமன்றம் நேரடியாக விசாரித்த உரிமையியல் வழக்குகளில் கட்சிக்காரர் பாரிஸ்டரிடம் நேரே போக முடியாது. நடுவில் சொலிசிட்டர் இருப்பார்; கேஸ் கட்டு அவர் வழியாகத்தான் வரும். தீண்டத்தகாதவர் ஒருவரோடு தொடர்பு வைக்க சொலிசிட்டர்கள் விரும்பவில்லை. இப்படித் தடுக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணல் வெளியூர் வழக்குகளை நம்பிப் பிழைத்தார். 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம், நீதிமன்றத்தில் வாதாடத்தான் வழியில்லை!

அவர் வாழ்வின் நீண்ட உரிமையியல் வழக்கு ஒன்றில் அவரே பிரதிவாதி. மகாத் குளத்தில் 1927 மார்ச்சில் நம் மக்கள் நீர் அருந்தினார்கள். குளம் தனியார் சொத்து என்று டிசம்பரில் சாதி இந்துக்கள் வழக்குப் போட்டு, தற்காலிகத் தடையும் வாங்கினார்கள். தீண்டாமை வழக்காகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். சட்ட மாணவர்கள் சொத்து வழக்காகவும் படிக்க வேண்டும். குளம் யாருடையது, நகராட்சிக்கு என்ன அதிகாரம், காலங்காலமான வழக்கம் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் யார்? வாதிகள் நிரூபிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் 1937 மார்ச் 17இல் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள்.

இதைச் சிவகாசியில் பேசக் காரணம் உண்டு. தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் இருக்கும் ஊரில் காசோலை திரும்பிய வழக்கு, லேபிள் தகராறு, சரக்குப் பாக்கி, காப்பீட்டுத் தகராறு எல்லாம் இருக்கும். நம் வழக்கறிஞர்களிடம் வருபவை பெரும்பாலும் வன்கொடுமை வழக்கும் ஜாமீனும் விபத்து இழப்பீடும். அவற்றை விடச் சொல்லவில்லை. விட்டால் எடுக்க வேறு ஆளில்லை.

ஆனால் இழப்பீட்டு வழக்கும் கடைசியில் காகிதத்தில்தான் வந்து நிற்கிறது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்காரர்கள் கையிலும் இருந்தது வெளியே வந்தது. இப்படிப்பட்ட ஆலையில் செத்தவருக்கு முதலாளி யார்? குத்தகைப் பத்திரம், கூலிப் பதிவேடு, காப்பீட்டு ரசீது, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படித்துக் குறுக்கு விசாரணை செய்தால்தான் பதில் கிடைக்கும். வணிக வழக்கு நடத்திப் பழகியவர்களுக்கு அது அன்றாட வேலை. அந்தப் பழக்கம் உள்ள ஜூனியர்கள் நம்மிடம் மிகக் குறைவு. எதிர்த்தரப்பு மேசையில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.