குளிர் வாடகையும் வெம்மை வாடகையும்

ஜெர்மனியில் வீடு தேடத் தொடங்குபவர் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் இரண்டு, 'கால்ட்மீட்டெ', 'வார்ம்மீட்டெ' என்பன. முன்னது குளிர் வாடகை. பின்னது வெம்மை வாடகை. வெறும் சுவருக்கும் கூரைக்கும் தரையின் பரப்புக்கும் உரியது குளிர் வாடகை. அதனோடு வீட்டைச் சூடாக்கும் செலவு, தண்ணீர், கழிவுநீர், குப்பை, மாடிப்படி விளக்கு, சொத்துவரி, கட்டடக் காப்பீடு எல்லாம் சேரும்போது அது வெம்மை வாடகை ஆகிறது. வீட்டுக்குள் எரியும் மின்சாரம் பெரும்பாலும் இவ்விரண்டிலும் அடங்காது. அதற்குக் குடியிருப்பவர் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகைக் குடியிருப்புகளில் வாழும் நாடு அது. குளிர் வாடகைக்கு மேல் வந்து சேரும் இந்தத் தொகையை அவர்கள் 'இரண்டாம் வாடகை' என்றே அழைக்கிறார்கள்.

இந்த இரண்டாம் வாடகையை வெறும் கணக்குவழக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு வீடு எவ்வளவு குளிரும் என்பதைத் தீர்மானிப்பவை அதன் சுவர், சன்னல், கொதிகலன் ஆகியவை. அவை வீட்டு உரிமையாளருடையவை. அக்குளிரைப் போக்க ஆகும் செலவோ குடியிருப்பவருடையது. உடைமை ஒருவரிடமும் செலவு மற்றொருவரிடமும் இருக்கும் இந்த ஏற்பாடு எவ்வாறு உருவாயிற்று, அதிலுள்ள அநீதியைச் சட்டம் கண்டுகொள்ள எத்தனை காலம் பிடித்தது என்பவற்றையே நாம் இங்கே பார்க்க விழைகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெர்லினிலிருந்து தொடங்கலாம். ஆலைகளை நாடி வந்த தொழிலாளர்களுக்காக அங்கே எழுந்த நெருக்கமான அடுக்குமாடிகளுக்கு 'வாடகைப் பாசறைகள்' என்று பெயர். 1853ஆம் ஆண்டின் கட்டட விதி, உள்முற்றத்தின் பக்க அளவு 5.34 மீட்டராவது இருக்க வேண்டும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு வேண்டிய இடம் அது. மனிதருக்கு வேண்டிய வெளிச்சத்தைக் கணக்கிட்டு வைத்த அளவன்று. வெடிங் பகுதியில் 1870களில் கட்டப்பட்ட மெயர்ஸ் ஹோஃப் என்னும் குடியிருப்பில் இத்தகைய முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு இருந்தன. 1972இல்தான் அதன் எச்சம் இடிக்கப்பட்டது. அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தனித்தனியே அடுப்பு. நிலக்கரியை வாங்கிச் சுமந்து மாடியேற்றுவது குடியிருப்பவரின் பாடு. வெயில் எட்டாத பின்முற்றத்து அறைக்குக் கரி கூடுதலாகத் தேவைப்படும் என்பதை எந்தக் கணக்கும் எழுதி வைக்கவில்லை.

அக்காலத்துப் பெர்லினில் 'ட்ரோக்கன்வோனர்' என்றொரு சொல் வழங்கியது. குடியிருந்து உலர்த்துபவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். புதிதாகக் கட்டிய வீட்டின் சுண்ணாம்புப் பூச்சு காய்ந்து இறுகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை ஈரம் கசியும் அவ்வீடுகளில் ஏழைகள் குறைந்த வாடகைக்குக் குடிவைக்கப்பட்டார்கள். அவர்கள் மூட்டிய அடுப்பின் சூடு சுவரை உலர்த்தியது. அவர்கள் வெளிவிட்ட மூச்சிலிருந்த கரியமில வாயு சுண்ணாம்பை இறுக்கியது. சுவர் காய்ந்ததும் வாடகை உயரும். அவர்கள் அடுத்த ஈர வீட்டுக்குப் போவார்கள். குடியிருப்பவரின் சூடு உரிமையாளரின் சுவருக்கு உழைத்த கதை இது. அதற்கான விலையை அவர்கள் தம் உடல்நலத்தால் கொடுத்தார்கள்.

வாடகையும் பிற செலவும் சட்டத்தில் தனித்தனியே பிரிந்து நின்றது முதல் உலகப் போருக்குப் பின்னர். பணவீக்கம் எகிறிக்கொண்டிருந்த 1922இல் வந்த வாடகைச் சட்டம், 1914 ஜூலை மாதத்து வாடகையை அடித்தளமாகக் கொண்டது. நடைமுறைச் செலவுக்கும் பழுதுபார்ப்புக்கும் அதன்மேல் தனிக் கூடுதல்களை அனுமதித்தது. குடியிருப்பவரைக் காக்க வாடகையைக் கட்டுப்படுத்தினால், ஏறும் செலவுக்கு வேறொரு வாயில் திறந்தாக வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. இரண்டாம் வாடகைக்கு வித்து இங்கே விழுந்தது எனலாம்.

பின்னர் மையக் கொதிகலன் பரவியது. நிலவறையில் ஒரு கொதிகலன். அங்கிருந்து குழாய்வழி எல்லா வீட்டு ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர். கரி சுமக்கும் துன்பம் ஒழிந்தது. கூடவே ஒரு சிக்கலும் பிறந்தது. எரிபொருளுக்குச் சீட்டு ஒன்றுதான். அதைப் பகிர வேண்டியவர் இருபது முப்பது குடும்பத்தார். பரப்பளவுப்படி பங்கிட்டால், சிக்கனமாக இருப்பவரும் சன்னலைத் திறந்துவைத்துச் சூட்டை வீணாக்குபவரும் ஒரே தொகை தருவார்கள். எண்ணெய் மலிவாக இருந்தவரை இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1973லும் 1979லும் வந்த எண்ணெய் நெருக்கடிகள் அந்த அலட்சியத்துக்கு முடிவு கட்டின.

1981 மார்ச் முதல் நாள் மேற்கு ஜெர்மனியில் கணப்புச் செலவு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டின் நுகர்வையும் அளந்தாக வேண்டும். மொத்தச் செலவில் 50 முதல் 70 விழுக்காடு வரை அளவீட்டின்படியும், எஞ்சியது பரப்பளவுப்படியும் பங்கிடப்பட வேண்டும். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் இவ்விதியே மேலோங்கும். முழுவதையும் அளவீட்டின்படி பங்கிடாததற்குக் காரணம் உண்டு. சூடு சுவரைத் தாண்டும். நடுவீட்டுக்காரர் நாற்புறமும் அண்டை வீட்டாரின் சூட்டைப் பெறுகிறார். மேல்மாடியின் மூலைவீட்டுக்காரர் கூரைக்கும் காற்றுக்கும் தம் சூட்டை இழக்கிறார். இருவரின் ரேடியேட்டரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

அளந்த கருவியும் கவனிக்கத்தக்கது. பல ஆண்டுகள் பயனில் இருந்தது ரேடியேட்டரில் பொருத்தப்பட்ட ஒரு சிறு கண்ணாடிக் குழல். அதனுள் மெத்தில் பென்சோயேட் போன்ற திரவம் இருக்கும். ரேடியேட்டர் சூடாக ஆக அது ஆவியாகிக் குறையும். ஆண்டுக்கொரு முறை ஆள் வந்து, எத்தனை கோடு இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். இக்குழல் சூட்டை நேரடியாக அளப்பதில்லை. கட்டடத்தின் மொத்தச் செலவில் இவ்வீட்டின் பங்கு எவ்வளவு என்பதைத் தோராயமாகக் காட்டுகிறது, அவ்வளவே. கோடைக்காலத்திலும் திரவம் சற்றே குறையும் என்பதால் அதை ஈடுசெய்யக் குழலில் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி வைத்தார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் நிலைமை முற்றிலும் வேறு. 1936இல் உறைநிலையில் வைக்கப்பட்ட பழைய வாடகைகள் அங்கே தொடர்ந்தன. புதிய அடுக்குமாடிகளிலும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மார்க்தான். சூட்டுக்குக் குறைவான நிலைக் கட்டணம். பல கட்டடங்களில் ரேடியேட்டரைத் திருகிக் குறைக்க வழியில்லை. புழுங்கினால் சன்னலைத் திறப்பார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்த பின், 1991 அக்டோபரில் அடிப்படை வாடகை உயர்ந்ததோடு நடைமுறைச் செலவும் குடியிருப்பவர்மேல் வந்தது. பழைய கட்டடங்களில் அளவிகளைப் பொருத்த 1995ஆம் ஆண்டின் முடிவு வரை கெடு தரப்பட்டது. தாம் செலவிடும் சூட்டுக்கு விலை உண்டு என்பதை முன்பு அறிந்திராத மக்கள், ஆண்டு முடிவில் வரும் கணக்குத்தாளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கற்றார்கள்.

குமிழைத் திருகுபவரே பணம் தர வேண்டும் என்னும் இந்த நியாயம் பாதி நியாயமே. அதை உணர 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் பார்த்தால் போதும். 1994ஆம் ஆண்டின் வெப்பக்காப்புத் தரத்தை எட்டாததும், எண்ணெயாலோ எரிவாயுவாலோ சூடாக்கப்படுவதும், வெளியே தெரியும் குழாய்கள் பெரும்பாலும் உறையிடப்பட்டிருப்பதுமான கட்டடங்களில் 70 விழுக்காட்டைக் கட்டாயமாக நுகர்வின்படியே பங்கிட வேண்டும் என்றது அது. அதாவது, சுவர் மோசமாக உள்ள வீட்டில்தான் குமிழுக்குப் பொறுப்பு அதிகம். அச்சுவரை மாற்றும் உரிமை குடியிருப்பவருக்கு இல்லை. மாற்றக்கூடிய உரிமையாளருக்கோ எரிபொருள் செலவு தம்முடையதல்ல என்பதால் அவசரமில்லை. அவர் மாற்ற முன்வந்தாலும், சீரமைப்புச் செலவில் ஆண்டுக்கு 11 விழுக்காட்டை வாடகையில் ஏற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. 2019இலிருந்து அது 8 விழுக்காடு. உயர்வுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. குளிரும் வீட்டில் இருந்தாலும் செலவு, குளிராத வீடாக்கினாலும் செலவு என்பதே பலருடைய அனுபவமாக இருந்தது.

2021இல் எரிபொருள்மீது கரியமில வாயு விலை, டன்னுக்கு 25 யூரோ என விதிக்கப்பட்டபோது இம்முரண் வெளிப்படையாயிற்று. அந்த விலை முழுவதும் குடியிருப்பவர் தலையில் விழுந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததைத் தொடர்ந்து எரிவாயு விலை பன்மடங்கானது. அவ்வாண்டு டிசம்பர் மாதத் தவணையை அரசே ஏற்றது. 2023இல் நுகர்வின் 80 விழுக்காட்டுக்குக் கிலோவாட் மணிக்கு 12 சென்ட் என விலைக்கு வரம்பு கட்டியது.

2023 ஜனவரி முதல் நாள், கரியமில வாயுவின் விலையை இரு தரப்புக்கும் பிரிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டடம் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று பார்த்துப் பத்துப் படிகளாக அது வகுக்கிறது. 12 கிலோவுக்குக் குறைவானால் முழுவதையும் குடியிருப்பவர் தர வேண்டும். 52 கிலோவோ அதற்கு மேலோ ஆனால் 95 விழுக்காட்டை உரிமையாளர் தர வேண்டும். சுவருக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் பேசிய இடம் இது. 1981இலிருந்து எண்ணினால் 42 ஆண்டுகள். அதுவும் கரியமில வாயுவுக்கான விலையை மட்டுமே தொடுகிறது. எரிபொருளின் விலை இன்னும் குடியிருப்பவருடையதே.

எண்பதுகளில் ஈழத்திலிருந்து அகதிகளாகச் சென்று அங்கே வேரூன்றிய குடும்பங்களும், அண்மைக் காலத்தில் படிக்கவும் கணினித் துறையில் பணியாற்றவும் தமிழ்நாட்டிலிருந்து செல்வோரும் இந்தக் கணக்குத்தாளை ஆண்டுதோறும் கையில் வாங்குகிறார்கள். மாதந்தோறும் தருவது முன்பணமே. இறுதிக் கணக்கு பின்னால் வருகிறது. கணக்காண்டு முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் உரிமையாளர் அதைக் கொடுக்க வேண்டும். தம் பிழையால் காலம் கடத்தினால், பாக்கியைக் கேட்கும் உரிமையை இழப்பார். ஆக, ஜனவரியில் அனுபவித்த சூட்டுக்கு அடுத்த ஆண்டு டிசம்பரிலும் கணக்கு வரலாம். குடியிருப்பவர் மறுப்புத் தெரிவிக்கவும் பன்னிரண்டு மாதங்கள் உண்டு. செலவுச் சீட்டுகளைக் காட்டச் சொல்லிப் பார்க்கும் உரிமையும் உண்டு. நிர்வாகச் செலவையும் பழுதுபார்ப்பையும் இதில் சேர்க்கக் கூடாது. விதிப்படி அளக்காமல் பங்கிட்டிருந்தால், தம் கணப்புச் செலவில் 15 விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வுரிமைகள் தாமாக வந்தவையல்ல. 1900இல் லைப்சிக் நகரில் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுகூடி அமைத்த கூட்டமைப்பு இன்றும் இயங்குகிறது. அதன் உறுப்புச் சங்கங்களின் அலுவலகங்களில் இத்தகைய கணக்குத்தாள்கள் வரி வரியாகச் சரிபார்க்கப்படுகின்றன. மொழி தெரியாத ஊரில் வந்த கணக்கைப் படிக்காமல் பணம் கட்டிவிடுவது எளிது. ஆயினும் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கேள்வி கேட்டதால் அங்கே இடம்பெற்றது, அல்லது அங்கிருந்து நீங்கியது. படித்துப் பார்த்துவிட்டே பணம் கட்டுவோம்.